மார்க் மூன்று இடத்தில் இருக்கிறது, ஆசிரியர் சொன்னது எங்கே?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 18 மாணவர்களுக்கு நான்தான் மென்டர், அதாவது வழிகாட்டி ஆசிரியர். அவர்களுடைய பாடங்களில் சில மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தில் நடக்கின்றன. சில ஆசிரியர்கள் கூகுள் கிளாஸ்ரூம் வைத்திருக்கிறார்கள். இது போக ஒவ்வொருவரும் என்பிடெல் என்ற தளத்தில் ஒரு ஆன்லைன் கோர்ஸ் எடுக்கிறார்கள். ஹெச்ஓடி (துறைத் தலைவர்) முன்னேற்ற அறிக்கை கேட்டால் மூன்று இடத்திலிருந்தும் மார்க்கை எடுத்து ஒட்டித் தருகிறேன். ஆனால் எந்த ஆசிரியர் எந்த மாணவரிடம் என்ன சொன்னார், அப்புறம் அவர் அதைத் திருத்திக்கொண்டாரா என்பது எனக்கே தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள் ஏதாவது உண்டா?

பதில்: புது மென்பொருள் வாங்க வேண்டாம். நீங்கள் தேடுவது மார்க் இல்லை. மார்க்கை மூன்று தளங்களும் பத்திரமாகவே வைத்திருக்கின்றன. காணாமல் போவது ஆசிரியர் எழுதிய அந்த இரண்டு வரிக் கருத்தும், மாணவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதும்தான். அதற்கு ஒரு சாதாரண கூகுள் ஷீட் போதும். அதை நிரப்ப வேண்டியவர் மாணவர், நீங்கள் அல்ல.

முதலில் அந்த இரண்டு வரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். கிளாஸ்ரூமில் ஒரே அசைன்மென்டுக்கு மூன்று இடத்தில் கருத்து இருக்கலாம்: தனிப்பட்ட கமென்ட், மாணவர் கொடுத்த டாக்குமென்டின் ஓரத்தில் எழுதிய குறிப்பு, ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற அளவுகோல் அட்டவணை) வைத்திருந்தால் அதன் கட்டங்கள். ஓரக் குறிப்பை யாராவது 'தீர்ந்தது' என்று டிக் செய்துவிட்டால் அது கண்ணில் படாமல் போய்விடும். கிரேடுகளை டவுன்லோட் செய்தால் எண்கள் மட்டும்தான் வரும், கமென்டுகள் கூட வராது. அதனால்தான் நீங்கள் ஒட்டித் தரும் அறிக்கையில் ஆசிரியரின் குரல் இல்லை.

மூடில் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். மார்க்கை ஏற்றுமதி செய்யும்போது பின்னூட்டத்தையும் சேர்க்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, பெற்றோருக்காகவும் மென்டர்களுக்காகவும் தனியாக ஒரு பொறுப்பை (ரோல்) மூடிலில் உருவாக்க முடியும். அதோடு 'மென்டீஸ்' என்ற பிளாக்கையும் போட்டுவிட்டால் உங்கள் 18 பேரின் பக்கங்களுக்கும் நேராகப் போகலாம். கல்லூரியில் மூடிலைப் பராமரிப்பவரிடம் இதைக் கேளுங்கள்.

ஆனால் மூடில் காட்டும் மொத்த மார்க்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். மார்க் போடாத வேலைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் அங்கே இயல்பான அமைப்பு. ஐந்து அசைன்மென்டில் ஒன்றை மட்டும் கொடுத்து அதில் 90 வாங்கியவருக்கும் மொத்தம் 90 சதவீதம் என்றே காட்டக்கூடும். பாடத்தை முடித்ததாக வரும் டிக்கும் அப்படித்தான். 'திறந்து பார்த்தாலே போதும்' என்று ஆசிரியர் வைத்திருந்தால், பிடிஎஃபைத் திறந்து மூடியவருக்கும் டிக் விழும். முன்னேற்றம் என்று இதை அறிக்கையில் எழுதுவது மாணவருக்கே அநியாயம்.

என்பிடெல் வேறு மாதிரி. அங்கே வாராந்தர அசைன்மென்ட் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திருத்துவது. உங்கள் மாணவரின் பெயரைப் பார்த்து யாரும் கருத்து எழுதப்போவதில்லை. கெடு முடிந்ததும் வெளியாகும் விடைகள், விவாதப் பகுதியில் உதவியாளர்கள் தரும் பதில்கள், நேரலை வகுப்புகள் ஆகியவைதான் அங்கே பின்னூட்டம். ஆகவே மாணவர் தனக்குத் தானே கருத்து எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தக் கேள்வி தப்பானது, பாடம் புரியாததாலா, கேள்வியைச் சரியாகப் படிக்காததாலா, கணக்கில் சறுக்கியதாலா?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான 12 வார கோர்ஸ்களில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரிக்கு 25 மார்க், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மார்க். சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தது அவ்வளவு எடுக்க வேண்டும். அசைன்மென்டில் 25-க்கு 25 வாங்கிய மாணவி தேர்வில் 29 எடுத்தால் கூட்டுத்தொகை 54, ஆனால் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் சுற்றுவது உங்களுக்கும் தெரியும். வாராவாரம் முழு மார்க் வாங்குபவரைப் பார்த்து நிம்மதியடையாமல், கூப்பிட்டு ஒரு கேள்வியை விளக்கச் சொல்லுங்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்டிவிட்டாரா என்பதையும் ஷீட்டில் ஒரு கட்டமாக வையுங்கள். கோர்ஸில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிந்தாயிற்று என்று நினைத்துவிடும் மாணவர்கள் உண்டு.

சரி, ஷீட். தேதி, பாடம், எந்த வேலை, ஆசிரியர் சொன்னது, நான் என்ன செய்யப்போகிறேன், அடுத்த எந்த வேலையில் அதைச் செய்தேன். இவ்வளவுதான் தலைப்புகள். மார்க்குக்குக் கட்டம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலில் 5, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் கருத்து மட்டும் கிடைத்தவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு மார்க்கும் சேர்த்துக் கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகளும் இதில் பெரிதாக வேறுபடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர் சொன்னதை அவர் எழுதியபடியே எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். 'நல்லா பண்ணச் சொன்னார்' என்று சுருக்கினால் பயனில்லை. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அது காலியாக இருக்கும்வரை அந்த வரி முடியவில்லை என்று பொருள்.

இதன் பலன் நாலைந்து வாரத்தில் தெரியும். டேட்டாபேஸ் ஆசிரியர் ஒரு மாணவரிடம் 'இந்தக் கீயை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று எழுதவில்லை' என்கிறார். புள்ளியியல் ஆசிரியர் 'விடை சரி, படிகள் எங்கே' என்கிறார். ஆங்கிலப் பேராசிரியர் 'கருத்து இருக்கிறது, ஆதாரம் இல்லை' என்கிறார். மூவருக்கும் இது தங்கள் பாடத்தில் வந்த ஒரு சின்னக் குறை. மூன்று வரியையும் அடுத்தடுத்துப் படிக்கும் உங்களுக்குத்தான் அந்தப் பையன் எங்கேயும் காரணத்தை எழுதுவதில்லை என்பது தெரியும். அவனிடம் மூன்று பாடத்தைப் பற்றிப் பேச வேண்டாம், இந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் போதும். மென்டர் என்று ஒருவரை வைத்திருப்பதே இதற்காகத்தான். நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் அமைப்பு) ஆய்வுக்காக நிரப்பும் மென்டர் பதிவேட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதும் இடத்தில் இதை எழுதுங்கள், அந்தப் பதிவேட்டுக்கும் உயிர் வரும்.

மார்க்கை மட்டும் போட்டுவிட்டுப் போகும் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். 60 பேரைத் திருத்துபவரைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதும்படி கேளுங்கள். கிளாஸ்ரூமில் கமென்ட் பேங்க் உண்டு. அடிக்கடி எழுதும் கருத்துகளை அதில் சேமித்துவிட்டால், திருத்தும்போது ஹேஷ் குறியை அடித்துத் தேடி எடுத்துப் போட்டுவிடலாம்.

ஷீட்டைப் பகிர்வதில் ஒரு எச்சரிக்கை. ஒரே ஷீட்டில் ஆளுக்கொரு டேப் வைத்து 18 பேருக்கும் கொடுத்தால் எல்லோரும் எல்லோருடையதையும் படிக்கலாம். டேபை மறைத்து வைப்பதும் பாதுகாப்பில்லை. மாணவருக்குத் தனித்தனி ஷீட் கொடுங்கள். உங்களிடம் மட்டும் இருக்கும் தாய் ஷீட்டுக்கு இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலாவால் அவற்றை இழுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மட்டும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். மாணவர் ஷீட்டிலிருந்து உங்களுடையதற்குத்தான் இழுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் உங்களுடையதே அவர்களுக்குத் திறந்துவிடும். யாருடைய வரியையும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மென்டர் பீரியடிலேயே கால் மணி நேரம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். வீட்டில் செய்யச் சொன்னால் நடக்காது. அன்றைக்கு நீங்கள் நாலைந்து பேருடையதை மட்டும் படித்தால் போதும், அடுத்த முறை வேறு நாலைந்து பேர். ஹெச்ஓடிக்கு மார்க் பட்டியலை வழக்கம்போலவே கொடுத்துவிட்டு, கடைசிக் கட்டம் ஒரு மாதமாகக் காலியாக இருப்பவர்களின் பெயர்களைத் தனியாக எடுத்துக்கொண்டு அவரிடம் நேரில் பேசுங்கள்.