கத்திக்கும் முதுகுக்கும் விட வேண்டிய இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தை மாதம் அப்பாவுக்கு மணிவிழா. வருகிறவர்களுக்குக் கொடுக்க எங்கள் வீட்டைப் பற்றி 240 பக்கத்தில், டெம்மி அளவில் ஒரு புத்தகம் தயாரித்திருக்கிறேன். வளவு (உள்முற்றம்), தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எல்லாம் முழுப்பக்கப் படங்கள். ஐயா (எங்கள் தாத்தா) இரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களையும் முழுப்பக்கமாகவே வைத்தேன். கல்லில் உள்ள பூவேலையை எடுத்து எல்லாப் பக்கத்துக்கும் சுற்றிலும் பார்டர் போட்டேன். அச்சகத்தில் 'ப்ளீட் இல்லை, உள்மார்ஜின் போதாது' என்று ஃபைலைத் திருப்பிவிட்டார்கள். திரையில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? எவ்வளவு விட வேண்டும், ஏன் விட வேண்டும்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

ஃபைலைத் திருப்பியவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள்.

திரையில் பக்கத்தின் ஓரம் அசையாது, அச்சகத்தில் அசையும். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து, ஃபாரமாக, அதாவது சிறு சிறு கட்டாக மடித்து, அடுக்கி, முதுகில் ஒட்டி, கடைசியில்தான் மற்ற மூன்று பக்கமும் வெட்டுகிறார்கள். மடிப்பில் கொஞ்சம், கட்டிங்கில் கொஞ்சம் என்று ஒரு மில்லிமீட்டர் விலகுவது நல்ல அச்சகத்திலும் உண்டு. படம் வெட்டுக்கோட்டோடு நின்றுவிட்டால், கத்தி சற்று வெளியே இறங்கிய பிரதிகளில் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். செக்கச் சிவந்த கல்லின் பக்கத்தில் அந்த வெள்ளை கண்ணை உறுத்தும். அதனால்தான் படத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டி வைக்கச் சொல்கிறார்கள். அந்த நீட்டல்தான் ப்ளீட். வெட்டிய பிறகு 140க்கு 215 மி.மீ. வரும் பக்கம், ப்ளீட்டோடு 146க்கு 221 இருக்கும். டெம்மி என்ற பெயரில் அச்சகத்துக்கு அச்சகம் அளவு கொஞ்சம் மாறும், கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

நீட்டுவதற்குப் படத்திலேயே மிச்சம் இருக்க வேண்டும். தூணின் தலையில் இருக்கும் போதிகை படத்தின் விளிம்பை முட்டிக்கொண்டிருந்தால், நீட்டிய பிறகு கத்தி போதிகையைத் தின்னும். அந்தப் படங்களை மட்டும் இரண்டடி பின்னால் தள்ளி நின்று மறுபடி எடுத்துவிடுங்கள். வீடு அங்கேதானே இருக்கிறது.

பார்டரை எடுத்துவிடுங்கள். ஆசையாகப் போட்டிருப்பீர்கள், தெரியும். ஆனால் வெட்டுக்கு இணையாக ஓடும் கோடு, வெட்டின் ஒவ்வொரு பிசகையும் காட்டிக்கொடுக்கும். ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி பார்டர் இருந்தால், ஒரு மில்லி விலகியதும் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6. எல்லாப் பக்கத்திலும் பக்கம் சாய்ந்திருப்பது போலவே இருக்கும். அந்தப் பூவேலையை அத்தியாயத் தலைப்புக்கு மேலே ஒற்றைக் கல்லாக வையுங்கள். அழகாகவும் இருக்கும், பயமும் இல்லை.

சரி, உள்மார்ஜின், அதாவது முதுகை ஒட்டி விடும் வெற்றிடம். இதைத்தான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். என் முதல் தொகுப்பு 300 பக்கம், உள்ஓரத்தில் 12 மி.மீ.தான் விட்டிருந்தார்கள். தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை ஏறுவதற்காக முதுகுப் பக்கத்தை இரண்டு மூன்று மில்லி சீவுவார்கள். அதற்கு மேல் புத்தகம் முழுதாக விரியாது என்பதால் தாள் வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து அங்கே போய் ஒளிந்துகொண்டது. ஒரு பெரியவர் படிப்பதற்காக அழுத்தி விரித்திருக்கிறார், நடுவில் பிளந்து நாலு தாள் கையோடு வந்துவிட்டது. அவர் அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஓலையில் எழுதியவர்கள் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டுத்தான் எழுதினார்கள். கட்டுக்குரிய இடம் எழுத்துக்குரியது இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் 240 பக்கத்துக்கு உள்ளே 22 மி.மீ. விடுங்கள். வெளியே 15, மேலே 18, கீழே 20. பக்க எண் வெட்டுக்குப் பத்து மில்லி உள்ளே நிற்கட்டும். நூல் தையல் போட்டால் புத்தகம் இன்னும் நன்றாக விரியும், உள்ளே 18 போதும். செலவு கூடும், ஆனால் பேரப்பிள்ளைகள் வரை இருக்க வேண்டிய புத்தகத்துக்கு நான் தையலையே சொல்வேன். உள்ளே 22, வெளியே 15 விட்டால் எழுத்துக்கு 103 மி.மீ. அகலம் கிடைக்கும். அதற்கு மேல் குறுக்காதீர்கள். தமிழில் சொற்கள் நீளம். வரி குறுகினால், இருபுறமும் சமன் செய்யும்போது சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும்.

பக்கம் அமைத்த மென்பொருள் இன்டிசைன் என்றால் பக்க அளவை 140க்கு 215 என்றே வைத்து, ப்ளீட் கட்டத்தில் 3 போடுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்' என்பதை டிக் செய்ய மறந்தால் இத்தனை வேலையும் ஃபைலில் வராது. பலரும் தவறுவது இங்கேதான். இரண்டிரண்டு பக்கமாக இல்லாமல் தனித்தனிப் பக்கமாக எடுங்கள். வேர்டில் செய்திருந்தால் ப்ளீட்டுக்கென்று கட்டம் கிடையாது. பக்கத்தையே 146க்கு 221 ஆக்கி, எல்லா மார்ஜினிலும் 3 கூட்டி, 'மிரர் மார்ஜின்ஸ்' போட்டுவிடுங்கள். அப்போதுதான் உள்ஓரம் ஒற்றைப்படைப் பக்கத்தில் இடதாகவும் இரட்டைப்படையில் வலதாகவும் மாறி வரும்.

அட்டைக்கு முதுகின் அகலம் வேண்டும். 120 தாள், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்றால் ஏறத்தாழ 11 மி.மீ. வரும். கணக்கை நம்பாமல், சிவகாசியில் அடித்தாலும் காரைக்குடியில் அடித்தாலும், அதே தாளில் அச்சில்லாமல் ஒரு மாதிரிப் புத்தகம் (டம்மி) கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஐயாவின் கடிதங்கள். அவற்றுக்கு மட்டும் ப்ளீட் வேண்டாம். அந்தக் காலத்துக் கடிதங்களில் இடம் தீர்ந்த பிறகு ஓரத்தில் திருப்பி நெடுக்காகவும் எழுதியிருப்பார்கள். ஊரில் யாரையெல்லாம் விசாரித்தார் என்பது பெரும்பாலும் அந்த ஓர வரியில்தான் இருக்கும். முழுப்பக்கமாக நீட்டினால் கத்தி முதலில் எடுப்பது அதைத்தான். கடிதத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, கிழிந்த ஓரமும் மடிப்பும் தெரியும்படி மார்ஜினுக்குள் முழுதாக வையுங்கள். எழுத்து படிக்க முடியாத அளவு சிறுத்துப்போனால் எதிர்ப்பக்கத்தில் அச்செழுத்தில் கொடுத்துவிடுங்கள், அந்த ஓர வரியையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்