நீதியரசர் ஓய்வு பெறும்போது: வாசகர் கேள்வி – பதில்

நீதிபதிகளின் பதவிக்காலம், சம்பளம், ஓய்வூதியம் ஆகியவை பற்றித் திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் என் சேவைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால், சட்டத்தில் எழுதியிருப்பதோடு கண்ணால் கண்ட சிலவற்றையும் சேர்த்தே பதில் தருகிறேன்.

கே: ஐயா, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் ஓய்வு பெற்றார் என்கிறார்கள். நம் நாட்டில் உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயது வரை பதவியில் இருக்கிறார். திருகோணமலையில் உள்ள மேல் நீதிமன்ற நீதிபதிக்கு எந்த வயது? இந்த வேறுபாடு ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

ப: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியாவில் நாட்டின் தலைமை மன்றத்தை உச்ச நீதிமன்றம் என்றும், மாநிலத்தின் தலைமை மன்றத்தை உயர் நீதிமன்றம் என்றும் அழைக்கிறார்கள். நாம் உயர் நீதிமன்றம் என்பது கொழும்பில் உள்ள நாட்டின் தலைமை மன்றத்தையே. ஆகவே நீங்கள் தொலைக்காட்சியில் கேட்ட 62 வயது இந்திய மாநில மன்றத்துக்கு உரியது. அங்கும் தலைமை மன்றத்துக்கு வயது 65 தான்.

இலங்கையில் உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயதிலும் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் 63 வயதிலும் ஓய்வு பெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 107 ஆம் உறுப்புரை கூறுகிறது. மேல் நீதிமன்ற நீதிபதியின் வயது 61. அது அரசியலமைப்பில் இல்லை. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் இருக்கிறது. இதைச் சிறு விடயமென்று ஒதுக்கிவிட முடியாது. அரசியலமைப்பில் உள்ள வயதை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். சாதாரண சட்டத்தில் உள்ள வயதை மாற்றச் சாதாரண பெரும்பான்மையே போதும். பதவி நீக்கமும் அப்படியே. உயர் நீதிமன்ற நீதியரசரை நீக்குவதற்குப் பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். மேல் நீதிமன்ற நீதிபதியை நீதிச்சேவை ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் ஜனாதிபதி நீக்கலாம். கொலை வழக்கும் பாலியல் வன்முறை வழக்கும் விசாரணைக்கு வருவது மேல் நீதிமன்றத்தில். நம் மக்கள் நேரில் காணும் அந்த நீதிபதிக்குக் கொழும்பில் இருப்பவரைவிடக் குறைந்த பாதுகாப்பே உண்டு என்பது என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் விடயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 61 வயதை நெருங்கும் மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டால் அவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றால் இன்னும் இரண்டு. பதவி உயர்வும் ஓய்வு வயதும் இவ்வாறு பின்னிக் கிடப்பதால், உயர்வை வழங்கும் கை யாருடையது என்பது முக்கியமாகிறது. இப்போது ஜனாதிபதி நியமிக்கிறார். அதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. அந்தப் பேரவையின் அங்கீகாரத்தை 20 ஆம் திருத்தம் 2020 இல் அகற்றியதும், 2022 இல் 21 ஆம் திருத்தம் அதனை மீளக் கொண்டுவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கே: முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025 இல் சட்டம் இயற்றி நீக்கிவிட்டார்கள். நாடு கடனில் தவிக்கும்போது நீதியரசர்களின் ஓய்வூதியத்தை மட்டும் ஏன் தொடக்கூடாது? அவர்களும் மக்களின் வரிப்பணத்தில் வாழ்பவர்கள்தானே?
– கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர், மூதூர்

ப: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னாள் ஜனாதிபதிகளின் உரித்துகள் 1986 இல் ஒரு சாதாரண சட்டத்தால் வந்தவை. சாதாரண சட்டத்தாலேயே போயின. நீதியரசர்களின் நிலை வேறு. உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் நீதியரசர்களின் சம்பளம் பாராளுமன்றத்தால் தீர்மானிக்கப்பட்டு, அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்தின் மீது சாட்டப்படும் என்றும், ஒருவர் நியமனம் பெற்ற பின்னர் அவருடைய சம்பளத்தையோ ஓய்வூதிய உரித்தையோ குறைக்கலாகாது என்றும் 108 ஆம் உறுப்புரை சொல்கிறது.

இது நீதியரசருக்குக் காட்டும் கரிசனை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. இது வழக்காளிக்குத் தரும் காப்பு. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வலையையும் படகையும் அதிகாரிகள் காரணமின்றிப் பறித்துவிட்டார்கள், அல்லது அவரது காணிக்குள் செல்லவிடாமல் தடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார். மனுவின் எதிர்மனுதாரர் பட்டியலில் திணைக்களத் தலைவரும் சட்டமா அதிபரும் இருப்பார்கள். அதாவது எதிர்த்தரப்பில் நிற்பது அரசு. அந்த மனுவை விசாரிக்கும் நீதியரசரின் சம்பளத்திலும் முதுமைக்கால வருவாயிலும் அதே அரசு விரும்பியபோது கைவைக்கலாம் என்றால், மூதூர் மீனவருக்கு அங்கே என்ன நம்பிக்கை இருக்கும்?

நம் நாட்டில் இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. 1978 செப்ரெம்பர் 7 இல் இப்போதைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதன் இடைக்கால ஏற்பாடு ஒன்றினால் அதுவரை பதவியில் இருந்த உயர் நீதிமன்ற, மேல் நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். சிலர் மீண்டும் நியமிக்கப்பட்டார்கள், சிலர் நியமிக்கப்படவில்லை. நீதியரசர்கள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்று எழுதிய அதே ஏட்டில்தான் அந்த ஏற்பாடும் இருந்தது. 1984 இல் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் ஆற்றிய உரை ஒன்றுக்காக அவர் மீது பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரணை நடந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவருக்கு 65 வயது நிறைவடைந்தது, விசாரணை அவரைப் பதவி நீக்கும் கட்டத்தை அடையவில்லை. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத் தீர்மானத்தின் பின்னர் நீக்கப்பட்டார். 2015 ஜனவரி இறுதியில் அவர் பதவிக்கு மீண்டு, மறுநாளே ஓய்வு பெற்றார். அவரைத் தொடர்ந்து பதவியேற்றவர் கே. ஸ்ரீபவன், 65 வயது நிறைவில் 2017 இல் ஓய்வு பெற்றார். பிரதம நீதியரசர் ஒருவர் வயது நிறைவில் அமைதியாக விடைபெறுவது இயல்பான செய்தியாக இருக்க வேண்டும். நமக்கோ அது ஆறுதலான செய்தியாக இருந்தது.

உங்கள் கேள்வியில் நான் ஏற்கும் பகுதியும் உண்டு. 108 ஆம் உறுப்புரை காப்பது சம்பளத்தையும் ஓய்வூதிய உரித்தையும் மட்டுமே. வாகனம், எரிபொருள், வீடு, பணியாளர் என்ற சொற்கள் அதில் இல்லை. அவற்றுள் எது யாருக்கு எவ்வளவு என்பதை அரசு வெளிப்படையாக அட்டவணையிட்டு வெளியிட வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். மறுபுறம், 'குறைக்கலாகாது' என்ற சொல்லின் எல்லையையும் பாருங்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. எவரும் ஒரு ரூபாயையும் குறைக்கவில்லை; ஆனாலும் ஓய்வுபெற்ற நீதியரசரின் கையில் வந்த பணம் பாதி அரிசியைத்தான் வாங்கியது. உங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது.

கே: எங்கள் காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் எட்டு ஆண்டுகளாக நடக்கிறது. சாட்சியம் முழுவதையும் கேட்ட நீதிபதி விரைவில் ஓய்வு பெறப்போகிறார் என்கிறார்கள். எல்லாம் மறுபடி முதலிலிருந்தா?
– விவசாயி, தம்பலகாமம்

ப: அப்படி ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்னவர் பதிவுசெய்த சாட்சியத்தின் மீதே அடுத்த நீதிபதி தொடரலாம். தேவையென்று கருதினால் சாட்சிகளை மீண்டும் அழைக்கவும் செய்யலாம் என்று நீதித்துறைச் சட்டம் இடமளிக்கிறது. குற்றவியல் வழக்காயின், சாட்சிகளை மறுபடி விசாரிக்கும்படி எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கேட்கலாம். உங்களுடையது குடியியல் வழக்கு. ஆகவே சட்டத்தரணியிடம் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: தீர்ப்புக்குத் திகதி குறிக்கப்பட்டுவிட்டதா? குறிக்கப்பட்டிருந்தால், ஓய்வுக்கு முன்னர் தீர்ப்பு வழங்கும்படி பிரேரணை மூலம் மன்றின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.

ஓய்வுக்கு முந்திய மாதத்தில் நீதிபதிகள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். மன்று கலைந்த பிறகும் உத்தியோக அறையில் விளக்கு எரியும். வழக்கேடுகள் மேசையில் இடமின்றி நாற்காலிகளிலும் தரையிலும் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனையாம் பக்கத்தில் எந்தச் சாட்சி என்று சிறு காகிதத் துண்டுகள் செருகியிருக்கும். சாட்சி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர் எழுதும் தீர்ப்புக்கும், தட்டச்சுப் பக்கத்தை மட்டும் வாசித்தவர் எழுதும் தீர்ப்புக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள்.

கே: நான் சட்டம் படிக்கும் மாணவி. ஓய்வுபெற்ற நீதியரசர் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வழக்காடலாமா? ஓய்வுக்குப் பிறகு அரசு தரும் பதவிகளை ஏற்கலாமா?
– கிண்ணியா

ப: 110 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியை ஆழ்ந்து படியுங்கள், மகள். உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்த எவரும் ஜனாதிபதியின் எழுத்திலான சம்மதம் இன்றி எந்த நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகத் தோன்றவோ தொழில் செய்யவோ முடியாது. தடை நல்லது, நேற்று வரை ஆசனத்தில் இருந்தவர் இன்று அதே மன்றின் முன் கட்டணத்துக்கு வாதாடினால், இப்போது ஆசனத்தில் இருப்பவர் கூசுவார். இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு இத்தடை முழுமையானது. எவருடைய சம்மதத்தாலும் நீங்காது. நம் தடையின் பூட்டுக்குச் சாவி ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. நீதியரசரை நியமித்த அதே கையில் அந்தச் சாவியும் இருப்பதே இந்த ஏற்பாட்டின் குறை என்பேன்.

பதவிகளை ஏற்பதற்குத் தடை இல்லை. பிரதம நீதியரசராக இருந்த எஸ். சர்வானந்தா 1988 இல் மேல் மாகாண ஆளுநரானார். ஜயந்த ஜயசூரிய 2024 இல் ஓய்வு பெற்று, 2025 இல் ஐக்கிய நாடுகள் சபைக்கான நிரந்தரப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அவர்கள் வழங்கிய எந்தத் தீர்ப்பையும் நான் ஐயுறவில்லை. ஏற்பாட்டைப் பற்றியே பேசுகிறேன். சி. வி. விக்னேஸ்வரன் 2004 இல் ஓய்வு பெற்று, ஒன்பது ஆண்டுகளின் பின் மக்கள் வாக்கால் வட மாகாண முதலமைச்சரானார். வாக்காளர் தருவது வேறு, ஆட்சியாளர் தருவது வேறு. நீதிபதி சி. ஜி. வீரமந்திரி 1972 இல் உயர் நீதிமன்றத்தை விட்டு விலகிப் பேராசிரியராகி, 1991 முதல் 2000 வரை ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் அமர்ந்தார். பிஜித் தீவின் நீதிமன்றங்களிலும் நம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலர் பணியாற்றுகிறார்கள். வழிகள் பல உண்டு. ஓய்வூதியம் போதுமானதாக இருந்தால், அரசு நீட்டும் கதிரையை நோக்கி ஒருவர் கடைசி ஆண்டுகளில் கண்வைக்க வேண்டிய தேவை குறையும். ஓய்வுக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அரச நியமனம் எதையும் ஏற்கக்கூடாது என்ற விதி எழுத்தில் வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கே: என் கணவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். நீதிபதிகளுக்கு எல்லாம் தானாக நடந்துவிடும், நாங்கள்தான் அலைய வேண்டும் என்கிறார். உண்மையா?
– வாசகி, நிலாவெளி

ப: இல்லை, அம்மா. ஒரு மேல் நீதிமன்ற நீதிபதி ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்னர் அவருடைய தனிப்பட்ட கோவையை நான் சரிபார்க்க நேர்ந்தது. போர்க்காலத்தில் அவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடமாற்றம் பெற்ற கடிதம் அதில் இல்லை. அந்தப் பதினொரு மாதங்களும் சேவையில் இருந்தாரா என்று கேட்டுக் கோவை ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் இடையே நான்கு முறை போய்வந்தது. ஆயிரக்கணக்கான ஆவணங்களின் உண்மையைத் தீர்மானித்தவர், தம்முடைய ஓர் ஆவணத்துக்காக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன், இருவருக்கும் பேச்சு வரவில்லை. மறுவாரம் அவருடைய மனைவி பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில், நான்காக மடித்து, மடிப்பு ஓரங்கள் பழுப்பேறிய நிலையில் அந்தக் கடிதம் இருந்தது.

ஆகவே கணவரின் நியமனக் கடிதம், ஒவ்வோர் இடமாற்றக் கடிதம், சம்பள ஏற்றப் பதிவுகள் ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே சேர்த்து வையுங்கள். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவருடைய பதிவிலக்கம் என்ன, அதில் உங்கள் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் விவாகச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் உள்ள அதே எழுத்துகளோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி எழுதும்போது வரும் ஓர் எழுத்துப் பிழை, பின்னாளில் சத்தியக் கடதாசி முடிக்கும்வரை உங்களை அலைய வைக்கும். பிழை இருந்தால், கணவர் சேவையில் இருக்கும்போதே பதிவாளரிடம் எழுத்தில் கொடுத்துத் திருத்துங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற மறக்க வேண்டாம்.