மனையை அடகு வைக்க வேண்டாம், பெண் பாடட்டும்

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். லுங்கி வியாபாரம் செய்கிறார். ஒரே மகள், பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு. மார்க் சுமார். எட்டு வயதிலிருந்து பாட்டு கற்கிறாள், கீர்த்தனைக்கு முன் கற்பிக்கும் வர்ணம் வரை வந்திருக்கிறாள், சினிமாவில் பாட வேண்டும் என்கிறாள். வீட்டில் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். பெரியப்பாவின் தீர்ப்பு இது: "பாடட்டும், யார் வேண்டாம்னா? முதல்ல ஒரு பி.இ. கையில இருக்கட்டும்." ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசியாகிவிட்டது. விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்குப் பத்து லட்சம். பேரணாம்பட்டு ரோட்டில் வாங்கிப் போட்ட வீட்டு மனையை வங்கியில் வைத்துக் கடன் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

வேலூர், ஆம்பூர், ஆற்காடு என்று இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பெண் பிள்ளை, நிலையில்லாத தொழில், சென்னை வாசம். எந்த அப்பாவுக்கும் தூக்கம் போகும். ஆறுதல் இவ்வளவுதான். இனி கணக்குக்கு வருவோம்.

பத்து லட்சம் ரூபாய், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இந்தத் தவணையைக் கட்டப் போவது யார்? மனமில்லாமல் படித்து, அரியர் வைத்து, கேம்பஸ் இன்டர்வியூவில் பின்வரிசையில் உட்காரப் போகும் பெண்ணா? அவளுக்கு வேலை கிடைத்தாலும் முதல் சில வருடச் சம்பளத்தில் பெரும்பகுதி வங்கிக்கே போகும். அப்புறம் எங்கே பாடுவது? "பி.இ. முடிச்சுட்டுப் பாடலாம்" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை குரல் பதப்படும் வயது. அந்த வருடங்களை ஆய்வகப் பதிவேட்டிலும் இன்டர்னல் மார்க்கிலும் செலவழித்துவிட்டு, பிறகு சாதகத்தில், அதாவது தினசரிக் குரல் பயிற்சியில், உட்காருவது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் அண்ணன் எஸ்.பி.பி.யைக் காட்டினாராம், அவரும் இன்ஜினியரிங் போனவர்தானே என்று. போனார். அனந்தபூரில் சேர்ந்தார், டைபாய்டு வந்து நின்றது, பிறகு சென்னைக்கு வந்து படிப்பைத் தொடர்ந்தார். 1966லேயே சினிமாவில் பாட ஆரம்பித்துவிட்டார். பொறியியல் அவருக்குக் காப்பாக இருந்தது என்பதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. முறையாகச் சங்கீதம் கற்காமலே அவர் அப்படிப் பாடினார் என்பதும் உண்மை. ஆனால் அவரைக் காட்டி யாரும் பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அந்தக் காது எல்லோருக்கும் வாய்க்காது.

நம் ஊர்க்காரரையே பாருங்களேன். வாணி ஜெயராம் 1945ல் வேலூரில் பிறந்தவர். கலைவாணி என்று பெயர் வைத்தார்கள். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் படித்தார், ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தார். "பார்த்தீங்களா, பேங்க் வேலை!" என்று பெரியப்பா துள்ளுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்காக யாரும் மனையை அடகு வைக்கவில்லை. சிறுவயதிலிருந்தே கடலூர் சீனிவாச ஐயங்கார், டி.ஆர்.பாலசுப்பிரமணியன், ஆர்.எஸ்.மணி என்று ஆசிரியர்களிடம் கர்நாடக இசை கற்றிருந்தார். கல்யாணமாகி மும்பை போனபின் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானியில் மறுபடி மாணவியாக உட்கார்ந்தார். வங்கி வேலையை விட்டார். வசந்த் தேசாய் இசையில் 1971ல் இந்திப் படத்தில் அவர் குரல் வந்தபோது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பிறகு 19 மொழிகள், மூன்று தேசிய விருதுகள், அதில் ஒன்று தமிழுக்கு, இரண்டு தெலுங்குக்கு. 2023 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4 அன்று காலமானார். படம் கிடைப்பதற்கு முன் எத்தனை வருடம் அவர் பாடத்தில் இருந்தார் என்பதைத்தான் உங்கள் அண்ணன் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே சேர்ப்பது? நீட், பி.காம்., சி.ஏ. எல்லாம் உங்கள் உறவினர்களே மனப்பாடமாகச் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியையும் விட்டுவிடுகிறேன். அழைத்தால் போய்ப் பாடிவிட்டு வரட்டும், அதை நம்பி ஒரு வருடத்தை ஒதுக்க வேண்டாம்.

நான் சொல்வது சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. 1949ல் தொடங்கியது, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த இடம். இப்போது தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. குரலிசையில் மூன்று வருடப் பட்டப்படிப்பு. அரசுக் கட்டணம் என்பதால், நீங்கள் பேசி வைத்திருக்கும் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்குக் கேட்கும் தொகையில் இங்கே மூன்று வருடக் கல்விக் கட்டணமும் அடங்கிவிடும். செலவு என்றால் தங்கும் இடமும் சாப்பாடும்தான். சேர்க்கைக்கு மார்க் பட்டியலை விடக் குரல்தான் பேசும், பாடிக் காட்ட வேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பெண் வர்ணம் வரை வந்திருந்தாலும் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்களுக்கே திரும்பப் போகச் சொல்வார்கள். மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்), அகாரத்தில் ('ஆ' என்று மட்டும்), தம்புரா சுருதியோடு. அவளுக்கு அழுகை வரும், வரட்டும். ஒரு வருடம் அப்படிப் பாடினால்தான் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது தொண்டை இறுகாது. அவள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் சுருதி ஒரு நூல் ஏறிவிட்டது. அவளே நிறுத்தி, "மறுபடி பாடறேன் சார்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சரியாகப் பிடித்தாள். ஏறியது பயிற்சியில் சரியாகும். தன் தவறு தன் காதில் விழுந்ததே, அதைத்தான் நான் கவனித்தேன்.

"சினிமாப் பாட்டுக்கு இசைக் கல்லூரி எதுக்கு?" என்று கேட்பார்கள். பி.சுசீலாவும் கண்டசாலாவும் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் படித்தவர்கள். யேசுதாஸ் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் படித்தவர். சீர்காழி கோவிந்தராஜன் சென்னை தமிழிசைக் கல்லூரியில் இசைமணி பட்டம் வாங்கியவர். கேட்பவரிடம் இந்த நான்கு பெயரையும் சொல்லுங்கள்.

சென்னை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பாட்டு பதிவாகும் ஊர் அது. இன்று ஒரு பாடல் எப்படிப் பதிவாகிறது தெரியுமா? இசையமைப்பாளர் மெட்டைப் போட்டதும், வரி எழுதி முடிப்பதற்குள்ளேயே ஒரு டிராக் பாடகரைக் கூப்பிடுவார்கள். அவர் 'தன்ன னன்னா' என்று தத்தகாரத்திலோ டம்மி வரியிலோ பாடிக் கொடுப்பார். அதைக் கேட்டுத்தான் பாடலாசிரியர் எழுதுவார், பெரிய பாடகர் படிப்பார். சில நேரம் டிராக் குரலே பிடித்துப்போய்ப் படத்தில் நின்றுவிடும், பல நேரம் அழிக்கப்படும். காதில் ஹெட்போன், அதில் டிக் டிக் என்று தாளம், முன்னால் மைக், கையில் தானே எழுதிய வரித்தாள். ஒரு வரி பாடி, நிறுத்தி, அதே வரியை மறுபடி. கர்நாடக இசையில் பெண்கள் வழக்கமாக ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். இங்கே பாட்டு எந்தக் கட்டையில் இருக்கிறதோ அதில் பாட வேண்டும். ழகரம், ளகரம் தெளிவாக விழ வேண்டும், மூச்சு இழுப்பது மைக்கில் கேட்கக் கூடாது. கோரஸ், ஹார்மனி பாடுவதும் இதே வட்டத்தில் வரும் வேலைதான். வேலூர்ப் பெண்ணுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஊரில் எத்தனை தேவாலயங்கள், எத்தனை பாடகர் குழுக்கள்! எந்த மதமானாலும் சரி, ஒரு குழுவில் போய் நின்று, பக்கத்தில் ஒருவர் வேறு ஸ்வரத்தில் பாடும்போது தன் ஸ்வரத்தை விடாமல் பிடிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹார்மனிக்கு அதுதான் பாடம். வள்ளிமலையில் திருப்புகழ் பாடும் குழுக்களோடும் போகட்டும், அருணகிரியின் சந்தத்தில் நாக்கு பழகினால் எந்த வேகப் பாட்டும் பயமுறுத்தாது.

வருமானத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் பணம், மாதச் சம்பளம் கிடையாது. ஒரு மாதம் நான்கு அழைப்பு வரும், அடுத்த மூன்று மாதம் போன் அடிக்காது. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெற வழி செய்தார்கள். அதற்கென்று அடுத்த வருடமே பாடகர்களின் சங்கமும் உருவானது. ஆனால் புதியவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. ஏஐ வேறு வந்துவிட்டது. 2024ல் ஒரு தமிழ்ப் படத்தில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அப்படி உருவாக்கிப் பாட வைத்தார்கள். எந்த ஒப்பந்தத்திலும் குரலை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். "சும்மா ஒரு பேப்பர்தான்மா" என்று நீட்டுபவரிடம் ஜாக்கிரதை.

அதனால்தான் பட்டம் என்கிறேன். சினிமா வராத மாதத்தில் வாடகை கட்ட அதுதான் உதவும். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கு இசைப் பட்டம் கேட்கிறார்கள். தனியார் பள்ளிகளும் பாட்டு டீச்சர் தேடுகின்றன. வானொலி நிலையத்தில் குரல் தேர்வில் பாடி பி, பி ஹை, ஏ என்று கிரேடு வாங்கலாம், கச்சேரிக்கு அது ஒரு முகவரி. வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்துபவர்களும் உண்டு, விடிகாலையில் எழ வேண்டும் அவ்வளவுதான். தேவாரம் கற்றால் ஓதுவார் வேலையும் இருக்கிறது. 2021ல் அறநிலையத் துறை பணி நியமன ஆணை கொடுத்தவர்களில் ஒரு பெண் ஓதுவாரும் இருந்தார்.

இந்த வருடம் சென்னைக்கு அனுப்ப மனம் வராவிட்டால், திருவண்ணாமலையிலும் காஞ்சிபுரத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது, மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு, ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பக்கத்து வீட்டில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது. ஆனால் கையில் ஒரு பட்டமும் வேண்டும் என்பதால் என் முதல் பரிந்துரை கல்லூரிதான்.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மனையைத் தொடாதீர்கள், பொறியியலுக்கும் வேண்டாம், இசைக்கும் வேண்டாம். "உங்க பொண்ணு குரலில் ஆல்பம் போட்டு யூடியூபில் ஏத்தறோம், இரண்டு லட்சம் ஆகும்" என்று யாராவது வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல குரலுக்குப் பணம் கொடுத்துப் பாட வைப்பார்கள், பணம் வாங்கிக்கொண்டு பாட வைப்பவர் வேறு தொழில் செய்கிறார்.

இரண்டாவது உங்கள் பெண்ணுக்கு. பாட வேண்டும் என்ற ஆசை வேறு, ஒரே வரியை நாற்பது முறை பாடும் பொறுமை வேறு. பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து ஒரு மாதம், காலை ஐந்தரைக்கு எழுந்து சுருதிப் பெட்டியோடு ஒரு மணி நேரம், சினிமாப் பாட்டு கிடையாது, வரிசைகள் மட்டும். நீங்களோ அம்மாவோ எழுப்பக் கூடாது. அவளாக எழுந்தால் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குங்கள். எழவில்லையென்றால் திட்டாதீர்கள், பாட்டைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு அவளுக்குப் பிடித்த வேறு படிப்பைப் பேசுவோம். அப்போதும் அந்தப் பத்து லட்ச இடம் வேண்டாம்.

பெரியப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவளைப் பேச விடாதீர்கள். அந்தக் கல்லூரியில் முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வாருங்கள், திரும்ப வாங்க முடியுமா என்று பார்ப்போம்.