காகித ஆலையை எடைபோடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களுள் காகிதம் வாங்குவது தொடர்பானவை பல. ஒன்றின் விடை மற்றொன்றுக்கும் துணையாக அமையும் என்பதால், அவற்றை மட்டும் இந்தப் பகுதியில் எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் நகரில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் ஆகியவையே என் தொழில். இவ்வாண்டு ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத காகிதத்தில் மலரை அச்சிட்டுத் தருமாறு கேட்டுள்ளது. மூன்று விநியோகிப்பாளர்கள் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். ஒருவரின் காகித உறையில் எஃப்.எஸ்.சி. முத்திரை உள்ளது, இரண்டாமவரிடம் பி.இ.எஃப்.சி. முத்திரை, மூன்றாமவர் தம் ஆலைக்கு ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் இருப்பதாகக் கூறிப் பச்சை இலைப் படம் போட்ட உறையைக் காட்டுகிறார். மூன்றாமவரின் விலைதான் குறைவு. எதை நம்பி வாங்குவது?
– அச்சக உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த மூன்றும் ஒரே தேர்வில் வாங்கிய வெவ்வேறு மதிப்பெண்கள் அல்ல; மூன்றும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை. 1993-இல் தோன்றிய எஃப்.எஸ்.சி.யும் 1999-இல் ஐரோப்பாவில் தோன்றிய பி.இ.எஃப்.சி.யும் காடுகளுக்குச் சான்றளிக்கும் பன்னாட்டு அமைப்புகள்; அவை மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அந்தக் காடு எவ்வாறு பராமரிக்கப்படுகிறது என்பதைப் பார்க்கின்றன. எஃப்.எஸ்.சி. தன் கொள்கைகளைத் தானே வகுத்து உலகெங்கும் பயன்படுத்துகிறது. பி.இ.எஃப்.சி.யோ அந்தந்த நாட்டின் சான்றளிப்புத் திட்டத்தை ஆராய்ந்து அதற்கு ஏற்பு வழங்குகிறது; நமது மலேசிய மரச் சான்றளிப்புத் திட்டம் 2009-இல் அவ்வாறு ஏற்கப்பட்டது. ஆகையால் பி.இ.எஃப்.சி. முத்திரையைக் காட்டுபவரிடம் அது எந்த நாட்டுத் திட்டத்தின் வழி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐ.எஸ்.ஓ. 14001 முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. தன் செயல்களால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்புகளைக் கண்டறிந்து, தானே இலக்குகளை வகுத்து, ஆவணங்களைப் பேணி, தணிக்கைக்கு உட்படும் ஒரு நிர்வாக முறை அந்த ஆலையில் இருக்கிறது என்பதை மட்டுமே அச்சான்றிதழ் உறுதிப்படுத்துகிறது. ஆற்றில் விடும் கழிவுநீர் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும், எரிபொருள் எதுவாக இருக்க வேண்டும் என்று அது எந்த எண்ணையும் விதிப்பதில்லை. கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதும் கடைக்காரர் லாபத்தில்தான் இருக்கிறார் என்று நாம் முடிவு கட்டுவதில்லை அல்லவா? பச்சை இலைப் படத்தைப் பொறுத்தவரை, அதை வரைவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எஃப்.எஸ்.சி. முத்திரையையும் கண்டவுடன் நம்பிவிட வேண்டாம். முத்திரையின் அருகே ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஆறு இலக்க உரிம எண் இருக்கும். அவ்வமைப்பின் இணையத் தேடல் பக்கத்தில் அந்த எண்ணை இட்டால், உரிமம் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா, எந்தப் பொருள்களுக்கு உரியது என்பன தெரியும். உறையைவிட முக்கியமானது விலைச்சீட்டு. சான்றளிக்கப்பட்ட காகிதமாக விற்கும் விநியோகிப்பாளர் தம் சான்றிதழ்க் குறியீட்டையும் காகிதத்தின் வகையையும் விலைச்சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுச் சீட்டில் எழுத மறுத்தால், காட்டிலிருந்து அச்சகம்வரை கைமாறி வரும் சான்றின் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். அச்சகர் என்ற முறையில் தாங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தங்கள் அச்சகத்திற்கே அந்தச் சங்கிலியில் சேர்வதற்கான தொடர் சான்றிதழ் இல்லாத நிலையில், வாங்கிய காகிதம் சான்று பெற்றதாகவே இருந்தாலும், ஆண்டு மலரின் பின்னட்டையில் எஃப்.எஸ்.சி. முத்திரையை அச்சிட உரிமை கிடையாது. பள்ளிச் சங்கத்தினர் ஆசைப்பட்டுக் கேட்கக்கூடும், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

இனி, பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத ஒன்றுக்கு வருகிறேன். முத்திரை ஒரு குறிப்பிட்ட காகிதத்துக்கு உரியது. அதைச் செய்யும் நிறுவனம் முழுமைக்கும் உரியதன்று. ஒரு நிறுவனம் தன் பொருள்களில் ஒரு வகைக்கு மட்டும் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, வேறு நிலங்களில் இயற்கைக் காட்டை அழித்துக்கொண்டிருக்க முடியும். இதனை உணர்ந்துதான் எஃப்.எஸ்.சி. 2007-இல், ஆசியாவின் மிகப் பெரிய காகித நிறுவனங்களுள் ஒன்றான ஏஷியா பல்ப் அண்ட் பேப்பருடன் தன் தொடர்பை முறித்துக்கொண்டது. அந்நிறுவனம் 2013 பிப்ரவரியில் இயற்கைக் காடுகளை இனி வெட்டுவதில்லை என அறிவித்தது. அறிவிப்பு வரவேற்கத்தக்கதே, ஆயினும் அறிவித்ததை வெளியார் சரிபார்த்தார்களா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே மூன்று விநியோகிப்பாளர்களிடமும் காகிதத்தைச் செய்த ஆலையின் பெயரையும், அதன் தாய் நிறுவனத்தின் பெயரையும், அந்நிறுவனம் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கையையும் கேளுங்கள். மூன்றாமவரால் இவற்றுள் எதையும் தர இயலாவிட்டால், அவருடைய குறைந்த விலைக்கு மயங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணியாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆலைக்கு ஆர்.எஸ்.பி.ஓ. எனப்படும் செம்பனை எண்ணெய்ச் சான்றளிப்பு அமைப்பின் தணிக்கை நடப்பதால், சான்று பெற்ற எண்ணெயும் பெறாத எண்ணெயும் ஒரே தொட்டியில் கலந்தாலும் கணக்கில் மட்டும் பிரித்துக் காட்டும் முறையை அறிவேன். காகித உறையில் ‘எஃப்.எஸ்.சி. மிக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் அதுபோன்றதுதானா?
– தோட்ட வாசகி

பதில்: மிக அருகில் வந்துவிட்டீர்கள் அம்மா. எஃப்.எஸ்.சி. முத்திரையில் மூன்று வகைகள் உண்டு. நூறு விழுக்காடு என்று எழுதியிருந்தால் இழை முழுவதும் சான்று பெற்ற காடுகளிலிருந்து வந்தது. ‘ரீசைக்கிள்டு’ என்றால் முழுவதும் மறுசுழற்சி இழை. ‘மிக்ஸ்’ என்பது கலப்பு: பொதுவாக எழுபது விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு சான்று பெற்ற மரமாகவோ மறுசுழற்சி இழையாகவோ இருக்க வேண்டும், அல்லது, தங்கள் ஆலையில் நடப்பது போலவே, உள்ளே வந்த சான்று பெற்ற மரத்தின் அளவுக்கு ஈடான காகிதத்தை வரவுக் கணக்கின்படி முத்திரையிட்டு விற்கலாம். கடைகளில் நாம் காணும் முத்திரைகளுள் பெரும்பாலானவை இவ்வகைதான்.

எஞ்சிய பங்கு எந்த மரமாகவும் இருந்துவிட முடியாது என்பதுதான் இங்கே உள்ள காப்பு. சட்டவிரோதமாக வெட்டியது, பழங்குடியினரின் உரிமைகளையோ மனித உரிமைகளையோ மீறிப் பெற்றது, சிறப்பான பாதுகாப்பு மதிப்புடைய காடுகளுக்கு ஆபத்து விளைவிப்பது, இயற்கைக் காட்டைத் தோட்டமாகவோ வேறு பயன்பாட்டுக்கோ மாற்றியதால் கிடைத்தது, மரபணு மாற்றப்பட்ட மரம் ஆகிய ஐந்தும் விலக்கப்பட்டவை. இவ்விலக்கு எவ்வளவு கண்டிப்பாக நடைமுறையில் உள்ளது என்பது அந்தந்த நாட்டின் கண்காணிப்பைப் பொறுத்தது. தணிக்கையாளர் வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்ட அலுவலகத்தில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஐயா, 2015-இல் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடியபோது என் பிள்ளைகள் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைக்கும் நாம் எழுதும் தாளுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?
– பெற்றோர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் தாள் மட்டுமே காரணமன்று. சுமத்திராவின் கிழக்குப் பகுதியிலும் கலிமந்தானிலும் பீட் எனப்படும் கரிச்சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மட்காமல் குவிந்த தாவரப் பொருளே அந்நிலம். பல இடங்களில் அதன் ஆழம் பல மீட்டர். ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டிவிடக்கூடிய அக்கேசியா மரத்தை அங்கே பயிரிட வேண்டுமானால் முதலில் கால்வாய் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் மேல்மண் காற்றுப்பட்டுச் சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. நிலமட்டம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகிறது. வறண்ட பருவத்தில் பற்றும் தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றி அணைப்பது எளிதன்று. எல் நினோவால் மழை பொய்த்த 1997-இலும் 2015-இலும் நாம் சுவாசித்தது பெரும்பாலும் அத்தகைய நிலங்களின் புகையே.

அதே சதுப்பில், அதே போன்ற கால்வாய்களை வெட்டிச் செம்பனையும் பயிரிடப்படுகிறது. நம் நாட்டிலும், குறிப்பாகச் சரவாக்கில், அவ்வாறான நிலங்கள் உண்டு. எனவே செம்பனையால் வாழும் ஊரிலிருந்துகொண்டு காகித நிறுவனங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. காகிதம் வாங்குபவர் கேட்க வேண்டியவை இவை: ஆலைக்கு மரம் தரும் தோட்டங்களில் எவ்வளவு பங்கு கரிச்சதுப்பில் உள்ளது, அங்கே நீர்மட்டம் எந்த அளவில் பேணப்படுகிறது, இயற்கைக் காட்டிலிருந்து அந்நிலம் எந்த ஆண்டில் தோட்டமாக மாற்றப்பட்டது. கடைசிக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. 1994 நவம்பருக்குப் பின் இயற்கைக் காட்டை மாற்றி உருவாக்கிய தோட்டங்களுக்கு எஃப்.எஸ்.சி. நெடுங்காலம் சான்றிதழ் வழங்கவில்லை. அண்மைக் காலத்தில், இழைத்த சேதத்தை ஈடுசெய்வோருக்கு வழி திறக்கும் புதிய கொள்கையை அது கொண்டுவந்துள்ளது. இது திருந்த முயல்வோரை ஊக்குவிக்குமா, பழைய அழிவுக்கு மன்னிப்பாக முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கேள்வி: செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காகித ஆலையின் கழிவுநீரை எந்த எண்ணை வைத்து மதிப்பிடுவது?
– ஆலைத் தொழிலாளர்

பதில்: தாங்கள் நாள்தோறும் கையாளும் பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) ஆகிய எண்களே இங்கும் முதன்மையானவை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009-இல் வந்த தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்நிலையில் உள்ள ஆலைகள் பி.ஓ.டி.யை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைக்க வேண்டும்; மற்றவற்றுக்கு வரம்பு சற்றுத் தளர்வானது. ஆனால் இவ்வகை எண்ணில் ஒரு குறை உண்டு: நிறைய நீரை இறைத்துப் பயன்படுத்தும் ஆலையில் லிட்டருக்கான அளவு தானாகவே குறைவாகத் தெரியும். ஆகவே ஒரு டன் காகிதத்துக்கு எத்தனை கன மீட்டர் நீர், எத்தனை கிலோ சி.ஓ.டி. என்று டன் கணக்கில் கேட்பதே முறை. நல்ல நிறுவனங்கள் தம் அறிக்கைகளில் இவ்வாறுதான் வெளியிடுகின்றன.

காகிதத்துக்கே உரிய இன்னோர் எண் ஏ.ஓ.எக்ஸ். கூழை வெண்மையாக்கக் குளோரின் சேர்மங்களைப் பயன்படுத்துவதால் கழிவுநீரில் சேரும் கரிமக் குளோரின் சேர்மங்களின் அளவு அது. முன்பு குளோரின் வாயுவையே பயன்படுத்தியபோது டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உண்டாயின. இப்போது பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறிவிட்டன, உறையில் ஈ.சி.எஃப். என்று எழுதியிருப்பது இதைத்தான். டி.சி.எஃப். என்றால் குளோரின் எந்த வடிவிலும் இல்லை, ஆக்சிஜன், ஓசோன், பெராக்சைடு போன்றவற்றால் வெண்மையாக்கியது. ஈ.சி.எஃப். என்று சொல்லி ஓர் ஆலை தனியே பெருமைப்பட்டுக்கொண்டால் அதற்கு அதிக மதிப்பெண் தர வேண்டியதில்லை. இன்று அது குறைந்தபட்சத் தகுதி.

கேள்வி: மறுசுழற்சிக் காகிதம் எப்போதும் மேலானதுதானே?
– படிவம் ஐந்து மாணவி

பதில்: மரத்தையும் நீரையும் மிச்சப்படுத்துவதில் பெரும்பாலும் ஆம். கரியமிலக் கணக்கில் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். மரத்தை இரசாயன முறையில் கூழாக்கும்போது அதன் ஏறக்குறைய பாதியே கூழாகிறது. மீதி கருநீராகக் கரைந்து, அதே ஆலையில் எரிபொருளாகிறது. மறுசுழற்சி ஆலைக்கு அந்தக் கருநீர் கிடையாது. அது நிலக்கரியை எரித்தால், அந்தப் புகையும் தாளின் கணக்கில் சேரும். ஆகவே எரிபொருள் என்ன என்று கேள், மகளே.

கேள்வி: பழம் உதிர்த்தபின் ஆலையில் மலைபோல் குவியும் செம்பனை வெறுங்குலையிலிருந்து காகிதம் செய்யலாமே?
– ஓய்வுபெற்ற மண்டோர்

பதில்: செய்யலாம், நம் நாட்டில் ஆய்வுகளும் முயற்சிகளும் நடந்துள்ளன. பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வெறுங்குலையாகவே எஞ்சுகிறது. அதன் இழை குட்டையானது. எண்ணெய்ப் பசையையும் மணல்துகளையும் நீக்கும் வேலை கூடுதல். மேலும், அதனைத் திரும்பத் தோட்டத்தில் பரப்பினால் மண்ணுக்குப் பொட்டாசியம் கிடைக்கும் என்பது தங்களுக்கே தெரியும். முழுவதையும் கூழாலைக்கு அனுப்பிவிட்டு உரத்தை மூட்டை மூட்டையாக வாங்குவது கெட்டிக்காரத்தனமாகாது.

கேள்வி: நாங்கள் ஆண்டுக்குச் சில பெட்டி தாள் வாங்கும் சிறிய சங்கம். நாங்கள் கேட்டால் பெரிய ஆலைகள் மதிக்குமா?
– கூட்டுறவுக் கடைச் செயலாளர்

பதில்: ஆலை மதிக்காது; விநியோகிப்பாளர் மதிப்பார். 2015 அக்டோபரில் சிங்கப்பூரின் ஃபேர்பிரைஸ் பேரங்காடிகள், புகைமூட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இந்தோனேசிய நிறுவனத்தின் காகிதப் பொருள்களை அடுக்குகளிலிருந்து எடுத்துவிட்டன. அது பெரிய வாணிகத்தின் கை. நம் ஊரில் பள்ளிகளும் கோயில்களும் கூட்டுறவுக் கடையும் சேர்ந்து ஒரே விநியோகிப்பாளரிடம் வாங்கினால், மேலே சொன்ன கேள்விகளுக்கு விடை எழுதித் தர அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். உலக அளவிலும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு காகித நிறுவனங்களின் இழை, உற்பத்தி, அறிக்கை வெளியீடு ஆகியவற்றை ஒப்பிடும் குறியீடு ஒன்றை நடத்தியது. அதில் பங்கேற்பது நிறுவனங்களின் விருப்பம். அத்தகைய பட்டியலில் நடுத்தர மதிப்பெண் பெற்ற நிறுவனத்தை, பட்டியலுக்கே வராத நிறுவனத்தைவிட நான் மேலாகக் கருதுவேன். தன் குறையை எண்ணாக எழுதி வெளியிடுபவரிடம் அடுத்த ஆண்டு அந்த எண் குறைந்ததா என்று கேட்க முடியும். வாய் திறக்காதவரிடம் எதைக் கேட்பது?

அதற்கு முன்பாக, யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 80 கிராம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டரின் எடை 80 கிராம்; அதில் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ. 70 கிராம் தாளில் அதே ரீம் ஏறக்குறைய 2.19 கிலோ. எட்டில் ஒரு பங்கு இழை மிச்சம், விலையும் பெரும்பாலும் குறைவு. முதலில் எழுதிய அச்சகருக்கும் இது பொருந்தும்: 300 படிகள், ஒவ்வொன்றிலும் 40 தாள் எனில் 24 ரீம், அதாவது 60 கிலோ தேவைப்படும், 70 கிராம் தாளில் அது 52.5 கிலோவாகும். மறுபக்கத்து மை தெரியுமோ என்ற அச்சம் வண்ணப் படங்கள் உள்ள பக்கங்களுக்கே பொருந்தும் என்பதால், அவற்றை மட்டும் 80 கிராமில் வைத்துக்கொண்டு, கட்டுரைப் பக்கங்களுக்கு மாதிரித் தாள் வாங்கி ஒரு படிவம் ஓட்டிப் பார்க்கலாம்.