முடி கொட்டுறத அப்புறம் பாக்கலாம், நாக்கு கடிபட்டத முதல்ல பாப்போம்

தம்பி, நீங்க வரிசையா கேட்டிருக்கீங்க, வலிப்புக்கு, அதாவது ஃபிட்ஸுக்கு, சாப்பிடுற வால்ப்ரோயேட் மாத்திரையால முடி கொட்டுது, வெயிட் ஏறுது, கை நடுங்குது, லிவர் போயிடுமா, மூளை மந்தமாயிடுமா, மாத்திரை இல்லாம வேற வழி இருக்கான்னு. எல்லாத்துக்கும் வரேன். ஆனா கடிதம் முடியுற இடத்துல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, "போன மாசம் ரெண்டு தடவை காலைல எந்திரிச்சப்ப நாக்கு ஓரம் கடிபட்டு ரத்தம், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, தூக்கம் சரியில்ல போல"ன்னு. அந்த வரியத்தான் நான் நாலு தடவை படிச்சேன். அது தூக்கக் கோளாறு மாதிரி எனக்குத் தெரியல, தூக்கத்துல வந்த ஃபிட்ஸ் மாதிரிதான் தெரியுது.

ஃபிட்ஸ் வந்து உடம்பு முறுக்கும்போது தாடை இறுகும், பல்லுக்கு நடுவுல மாட்டுறது பெரும்பாலும் நாக்கோட பக்கவாட்டு ஓரம். வெறும் மயக்கத்துல கீழ விழுறவங்களுக்கு அடிபட்டாலும் நுனியிலதான் படும், அதுவும் அபூர்வம். அதனாலதான் எங்க கிட்ட வர்றவங்க நாக்கு ஓரத்துல காயம்னு சொன்னா நாங்க நிமிந்து உக்காருவோம். கூடவே உடம்பு வலி, காலைல ஒரு மணி நேரம் மண்டை குழம்பிப் போய் இருக்கிறது, படுக்கை நனைஞ்சு கிடக்கிறது, இதெல்லாம் இருந்தா சந்தேகம் இன்னும் கூடும். நீங்க தனி ரூம்ல படுக்குறீங்க, யாரும் பாக்கல, உங்களுக்கும் ஞாபகம் இருக்காது, அதனால "மூணு வருஷமா ஃபிட்ஸே வரல"ன்னு நம்பிட்டு இருக்கீங்க. வந்தது ரெண்டு தடவைதானான்னு கூட நமக்குத் தெரியாது.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஏதோ வீடியோ பாத்துட்டு 1000 மில்லிகிராம 500 ஆக்கிட்டீங்க, டாக்டர் கிட்ட சொல்லல. வீடியோ போட்டவர் உங்க ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலைய பதிவு பண்ற டெஸ்ட், பாத்தாரா, உங்களுக்கு எந்த வகை வலிப்புன்னு அவருக்குத் தெரியுமா? இந்த மாத்திரையால என்னென்ன வரும்னு பட்டியல் போடுறது ரொம்ப ஈஸி, மாத்திரைய விட்டா என்ன வரும்னு யாரும் சொல்றதில்ல. எனக்கு கோவம் உங்க மேல இல்ல, அந்தப் பாதிக் கணக்கு மேலதான்.

மீதிக் கணக்க நான் சொல்றேன், பயமுறுத்த இல்ல, 29 வயசு ஆள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். வலிப்பு இருக்கிறவங்க சிலர், வேற காரணம் எதுவும் இல்லாம திடீர்னு, பெரும்பாலும் தூக்கத்துல இறந்து போறாங்க. பெரியவங்கள்ல வருஷத்துக்கு 1000 பேருக்கு சுமார் ஒருத்தர். ஆனா இந்த ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. உடம்பு முழுக்க வெட்டுற பெரிய ஃபிட்ஸ் அடிக்கடி வர்றவங்களுக்கு, அதுவும் ராத்திரி வர்றவங்களுக்கு, தனியா படுக்கிறவங்களுக்கு ரொம்ப அதிகம், ஃபிட்ஸ் அடங்கி இருக்கிறவங்களுக்கு ரொம்பக் கம்மி. அந்த மூணு வருஷம் மாத்திரை உங்களுக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டா இதத்தான் செஞ்சுது.

இப்ப செய்ய வேண்டியது. உங்களுக்கு மருந்து எழுதின நியூரோ டாக்டருக்கு இன்னைக்கே போன் போட்டு நாக்கு விஷயத்தையும் டோஸ் குறைச்சதையும் ரெண்டையும் சொல்லுங்க, மறைச்சா அவர் "1000 போதல"ன்னு நெனச்சு தேவையில்லாம இன்னொரு மருந்து சேத்துடுவார். இப்ப இருக்கிற டோஸ இன்னும் குறைக்காதீங்க, ஒரு வேள கூட விடாதீங்க, எவ்வளவு ஏத்தணும்னு அவர் சொல்லட்டும். அவரப் பாக்குற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பாள் போடாதீங்க, தண்ணியில இறங்காதீங்க, உயரத்துல ஏறாதீங்க. கூட இருக்கிறவங்களுக்கு சொல்லி வைங்க, ஃபிட்ஸ் வந்தா வாயில எதையும் திணிக்காம, கை கால அமுக்கிப் பிடிக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு கடிகாரத்தப் பாக்கணும், 5 நிமிஷம் தாண்டினாலோ ஒண்ணு முடிஞ்சு நினைவு திரும்புறதுக்குள்ள அடுத்தது வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். முடிஞ்சா யாராவது செல்போன்ல வீடியோ எடுக்கட்டும், பத்து டெஸ்ட் சொல்லாதத அந்த ஒரு நிமிஷ வீடியோ சொல்லும்.

மத்த கேள்விக்கு வரேன். முடி கொட்டுறது இந்த மருந்துல சகஜம், டோஸ் சரி பண்ணா அல்லது மருந்த மாத்தினா பெரும்பாலும் திரும்ப வளரும். வெயிட் ஏறுறது நிஜம், அது பசியத் தூண்டும், உங்களுக்கு அது பெரிய தொந்தரவுன்னா மருந்து மாத்தவே அது ஒரு நியாயமான காரணம். லிவர்? இந்த மருந்தோட பயங்கரமான லிவர் பாதிப்பு அதிகமா வர்றது 2 வயசுக்குக் கீழ இருக்கிற, பல மருந்து சாப்பிடுற குழந்தைகளுக்கு, அதுவும் ஆரம்பிச்ச முதல் ஆறு மாசத்துல. நீங்க 6 வருஷமா சாப்பிடுறீங்க. விடாத வாந்தி, மஞ்சள் காமாலை, காரணமில்லாத மயக்க தூக்கம் வந்தா ஓடுங்க, இல்லன்னா இத வச்சு தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க, தூக்கம் கெட்டாலே ஃபிட்ஸ் வரும்.

கை நடுக்கம் பத்தி மட்டும் ஒண்ணு கேக்கணும். கைய நீட்டினா விடாம லேசா நடுங்குதா, இல்ல காலைல எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல படக்குனு ஒரு துள்ளல் துள்ளி கைல இருக்கிறது எகிறுதா? முதலாவதுன்னா மாத்திரை. ரெண்டாவதுன்னா அதுவும் வலிப்புதான், அந்த வகை மாத்திரைய நிறுத்தினா திரும்பி வர்ற வாய்ப்பு அதிகம். டாக்டர் கிட்ட நடிச்சே காட்டுங்க.

மூளை மந்தமாகுமாங்கிற பயம்தான் எல்லாத்துக்கும் அடியில இருக்குன்னு எனக்குத் தோணுது. டோஸ் ஜாஸ்தியா இருந்தா மந்தம் இருக்கலாம், ரத்தத்துல அமோனியா ஏறினாலும் இருக்கலாம், பரிசோதனை பண்ணிப் பாக்கலாம், சரி பண்ணலாம். ஆனா அடங்காத ஃபிட்ஸும் ஞாபகசக்திய அடிக்கும், அத யாரும் மாத்திரை அட்டையில அச்சடிக்கிறதில்ல.

வேற வழி இருக்கு, ஆனா எதுவும் சும்மா வராது. லெவெடிராசெட்டம்னு ஒரு வலிப்பு மருந்து, வெயிட் ஏத்தாது, சிலருக்கு எரிச்சல், கோவம், மனச்சோர்வு கொண்டு வரும், வீட்டுல இருக்கிறவங்கதான் முதல்ல கவனிப்பாங்க. லாமோட்ரிஜின்னு இன்னொண்ணு, பலருக்கு இதமான மருந்து, ஆனா வாரக்கணக்குல மெதுவா ஏத்தணும், அதுலயும் நீங்க சாப்பிடுற வால்ப்ரோயேட் கூட சேந்தா இன்னும் மெதுவா, தோல்ல தடிப்பு, வாய்ப்புண் வந்தா அன்னைக்கே காட்டணும். கார்பமசெபின்ங்கிற மருந்து சில வகை வலிப்ப, முக்கியமா அந்தக் காலை துள்ளல் வகைய, மோசமாக்கும், அதனால யாரோ நல்லா இருக்குன்னு சொன்னதுக்காக கேட்டு வாங்காதீங்க. கீட்டோ டயட் முக்கியமா மருந்துக்கு ஃபிட்ஸ் அடங்காத குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரி மேற்பார்வையில குடுக்கிற சிகிச்சை, வெயிட் குறைக்கிற டயட் இல்ல. ஆபரேஷன், சரியான ரெண்டு மருந்து சரியான டோஸ்ல தோத்த பிறகு யோசிக்க வேண்டியது. உங்களுக்கு மருந்து தோக்கல, நீங்கதான் பாதியா குறைச்சீங்க.

ஒண்ணு உண்மையிலயே பயப்பட வேண்டியது, கர்ப்பமா இருக்கிற பொண்ணு வால்ப்ரோயேட் சாப்பிட்டா 100 குழந்தையில சுமார் 10க்கு பிறவிக் குறை, 30-லிருந்து 40 குழந்தைக்கு வளர்ச்சியில பிரச்சனை. ஆனா அந்தப் பொண்ணும் பயந்து போய் தானா நிறுத்தக்கூடாது, கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர் மருந்த மாத்திக் குடுப்பார். ஆண்கள் சாப்பிட்டா குழந்தைக்கு சின்ன ஆபத்து இருக்கலாம்னு 2024-ல ஐரோப்பாவுல எச்சரிக்கை குடுத்தாங்க, நீங்க குழந்தை பத்தி யோசிக்கிற நேரம் வந்தா மூணு மாசத்துக்கு மேல முன்னாடியே பேசுங்க.

மாத்திரைய நிறுத்தவே முடியாதான்னா, முடியும், பலருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஃபிட்ஸே இல்லாம இருந்து, ஈஈஜி, வலிப்போட வகை எல்லாம் பாத்து, மாசக்கணக்குல படிப்படியா. அந்த ரெண்டு வருஷம் இப்ப திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்குது. டாக்டரப் பாக்குறது எப்பங்கிறத அப்புறம் சொல்லுங்க, இன்னைக்கு ராத்திரி உங்க ரூம்ல யாரு படுக்கப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.