மகள் கிரிக்கெட் ஆடுகிறாள்: பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்?

கடலூர் முதுநகரிலிருந்து வந்து என்னைப் பார்த்த அம்மாவுக்கு,

அன்று உங்கள் மகள் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேச எனக்கும் மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். "பத்தாவது முடித்ததும் முழுநேரம் பிராக்டிஸ், படிப்பு போதும் என்கிறாள், விடலாமா?" என்று கேட்டீர்கள். விளையாட விடுங்கள் அம்மா. படிப்பை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

சென்னைப் பெண் திருஷ் காமினியை எடுத்துக்கொள்வோம். உலகக்கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 2013இல், மும்பையில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. அடுத்த வருடம் நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 அடித்தார். அப்போது அவருக்கு வயது 24. இன்னும் எட்டு ரன் எடுத்திருந்தால் இரட்டைச் சதம். அதற்குப் பிறகு இந்தியப் பெண்கள் அணி அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூனில், பிரிஸ்டலில். ஆறரை வருடம் ஒரு டெஸ்ட்கூட இல்லை! காமினிக்கு மைசூரே கடைசி டெஸ்டாகிவிட்டது. ஆட்டமே நடக்காதபோது ஒரு வீராங்கனை என்னதான் செய்ய முடியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்போது நிலைமை நல்லபடியாக மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக்கோப்பையையும் வென்றோம். ஆனால் பெண்கள் பிரீமியர் லீகில் ஐந்தே அணிகள். அணிக்கு 18 பேர் வரை, அதிலும் ஆறு இடம் வரை வெளிநாட்டவருக்கு. நாடு முழுக்க எத்தனை பெண்கள் அந்த இடங்களுக்காக ஓடுகிறார்கள் என்று யோசியுங்கள்.

அதனால்தான் வேலையைப் பற்றி இப்போதே பேசுகிறேன். இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த மிதாலி ராஜ் ஆடிய காலத்தில் ரயில்வே ஊழியர். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி என்று படிப்புக்கு ஏற்ற பதவிதான் கிடைக்கும். ஒரே அளவு ஆடும் இரண்டு பேரில் டிகிரி வைத்திருப்பவருக்கு மேல்நிலைப் பதவிக்கு வழி இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு மிதாலி அந்த பிரீமியர் லீகின் குஜராத் அணிக்கு வழிகாட்டியானார், இந்திய வேகப்பந்து வீச்சாளராக இருந்த ஜூலன் கோஸ்வாமி மும்பை அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். நம் தமிழ்நாட்டு ஜனனி சாஃப்ட்வேர் வேலையை விட்டு நடுவராகி, 2023 ஜனவரியில் ஆண்களின் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்திலேயே நின்றார். ரஞ்சியில் பெண்கள் நடுவராக நின்றது அதுவே முதல் முறை.

சரி, குரூப். காயமடைந்த வீரர்களைத் தேற்றும் பிசியோதெரபி பிடித்தால் பயாலஜி வேண்டும். பிறகு மாற்ற முடியாது. ஸ்கோர் எழுதுவதிலும் கணக்குப் போடுவதிலும் ஆசை இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டும் பாரமாகத் தெரிந்தால் காமர்ஸ் எடுக்கட்டும், அதில் ஒரு குறைவும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் ஆக நினைத்தால் எந்த டிகிரிக்குப் பிறகும் பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்புக்குப் போகலாம்.

அப்புறம், எல்லையில் இருக்கும் ஆல்பேட்டையைத் தாண்டிப் பாண்டிக்குப் போனால் செலக்‌ஷன் சுலபம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். புதுச்சேரிக்குத் தனி அணி இருப்பது உண்மை; 2018 முதல் வாரியப் போட்டிகளில் ஆடுகிறார்கள். துத்திப்பட்டில் நல்ல மைதானமும் இருக்கிறது. ஆனால் கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அணிதான் வழி. குடும்பமே உண்மையாகக் குடிபெயர்ந்தால் வேறு விஷயம். முகவரிக்காகப் பொய்ச் சான்று வாங்காதீர்கள். பிறந்த தேதியிலும் கை வைக்காதீர்கள். மாட்டினால் தடை விழும், அவள் உழைப்பெல்லாம் வீணாகிவிடும். "அணியில் சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

பரீட்சை முடியும்வரை காலை பிராக்டிஸ் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மாலை நேரம் பாடத்துக்கு.

ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டோடு வாருங்கள். அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அன்று நாம் இருவரே பேசிக்கொண்டிருந்தோம். இந்த முறை அவள் முதலில் பேசட்டும்.