வாசகர் கேள்வி – பதில்: மோட்டார் மெக்கானிக் படிப்பு

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கிறான். வண்டி வேலைதான் கற்பேன் என்று உறுதியாக இருக்கிறான். உறவினர் ஒருவரோ, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடத்தைக் கழிப்பதற்குப் பதிலாகத் தம் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும் என்கிறார். எது நல்லது?
– ஒரு தாய், சிவகாசி

பதில்: ஐ.டி.ஐ.யில் சேருங்கள். ஒர்க்‌ஷாப்பில் கை விரைவாகப் பழகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வண்டியை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியில், ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று பையனுக்கு விளக்க அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மாட்டுவதையே எடுத்துக்கொள்வோம். அதன் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல், இரண்டு மூன்று கட்டங்களில், நிறுவனம் குறித்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கைவாக்கில் ஒரு பக்கத்தை முதலில் முறுக்கிவிட்டால் அழுத்தம் சமமாகப் பரவாது. ஹெட் வளையலாம், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் விட்டுப்போகலாம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்து, ஆயில் பால் கலந்த காபியின் நிறத்துக்கு வந்துவிடலாம். இந்தக் காரணத்தை அறிந்தவன் புதிய இன்ஜின் ஒன்று வந்தாலும் முதலில் அளவுப் பட்டியலைத் தேடுவான்.

மோட்டார் வண்டிக் கம்மியர் (மோட்டார் மெக்கானிக்) பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், பாடநூல், சீருடை, பேருந்துச் சலுகை போன்றவையும் உண்டு. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேர வழி இருப்பதால், மேற்படிப்பின் கதவு அடைபட்டுவிடும் என்ற கவலையும் வேண்டாம்.

தனியார் நிலையம் என்றால், தேர்வுக்குப் பின் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழா, அந்த நிலையமே அச்சிட்டுத் தரும் காகிதமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணிமனைக்குள் நேரில் போய்ப் பாருங்கள்: மாணவர்களே இன்ஜினைப் பிரித்துக் கோக்கிறார்களா, அல்லது வெட்டி வைத்த மாதிரியைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்களா? வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் கருவி வண்டியில் மாட்டியிருக்கிறதா, பீரோவில் பூட்டியிருக்கிறதா? சுவரில் ஒட்டிய விளம்பரத்தைவிட இதுவே உங்களுக்கு அதிகம் சொல்லும். படிப்பு முடிந்ததும் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஏதாவது ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) இருந்து வந்தால், உறவினர் சொல்லும் கைப்பழக்கமும் உதவித்தொகையுடனும் சான்றிதழுடனும் வந்து சேரும். விடுமுறை நாட்களில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் பையன் போய்வரட்டும். அதை நான் தடுக்கச் சொல்லவில்லை.

கேள்வி: பல வருடமாக கார் மெக்கானிக்காக இருக்கிறேன். இப்போது வரும் பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் காட்டுகிறது. அது சொல்லும் பாகத்தை மாற்றினாலும் சில நேரம் சரியாவதில்லை. சான்றிதழும் என்னிடம் இல்லை. இனி நான் படிக்க முடியுமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: முடியும். ஸ்கேனர் காட்டும் எண் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது தீர்ப்பளிப்பதில்லை. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே பொருள். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன் குறைவு என எதுவும் காரணமாகலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள வண்டியானால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு, பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பி0302 என்று எண் இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் இதேபோல் சோதித்து, பிறகு கம்ப்ரெஷன் அளந்து பாருங்கள். வாடிக்கையாளரின் பணத்தில் பாகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது நியாயமான வேலை அல்ல. எனவே மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்கவும் வயரிங் வரைபடத்தைப் படிக்கவும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இந்த இரண்டும்தான் குறை.

சான்றிதழுக்கு, பணி அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கான அறிவிப்பை வெளியிடும்போது, அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ. முதல்வரை அணுகுங்கள். இப்போது வேலை செய்யும் இடத்தில் அனுபவச் சான்று எழுதி வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: மின்சார வண்டிகள் வந்துவிட்டால் மெக்கானிக்குகளுக்கு வேலை இருக்குமா? நான் திருமணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இந்தப் படிப்பில் சேர வயது தடையா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தமிழக அரசு ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, தயங்காமல் விண்ணப்பியுங்கள். மின்சார வண்டியில் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலும் இல்லாமல் போகலாம். பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஸ்டீயரிங், ஏ.சி. எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. புதிதாகச் சேருவது உயர் மின்னழுத்தம். மின்சார கார்களின் பேட்டரி பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அந்த மின்சாரம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிளை ஒருபோதும் வெறுங்கையால் தொடக்கூடாது. வண்டியை அணைத்து, உயர் அழுத்த இணைப்பைத் துண்டித்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கக் குறித்த நேரம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையுடன் மீட்டரில் அளந்து, மின்னழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இதைப் பார்த்துப் பழகுவது உயிருக்கு ஆபத்து. முறையான பயிற்சி கட்டாயம் தேவை. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழக அரசு தரம் உயர்த்திய 71 ஐ.டி.ஐ.க்களில் புதிய தொழிற்பிரிவுகள் தொடங்கப்பட்டுள்ளன. உங்கள் பகுதி நிலையத்தில் மின்வாகனப் பிரிவு இருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் மோட்டார் வண்டிக் கம்மியர் பிரிவில் சேர்ந்து, பின்னர் மின்வாகனத்துக்கான குறுகிய காலப் பயிற்சியைத் தனியாகப் பெறலாம்.